பெர்கனில் புதன்கிழமை வந்த திதி

எனக்கு முன்பே என் பெட்டி வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கார் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பது சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விமானத்துக்கு அது தெரியாது. அதனால் என் மாமியார் முந்தின நாள் மாலையே நல்ல நேரம் பார்த்துப் பெரிய பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பெட்டி நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டால் பயணமும் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நேரத்திலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

ஏற்பாட்டில் குறையில்லை. எதிர்வீட்டு டீச்சர்தான் வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோமதி அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டார். பெட்டி உள்ளே, சாவி கோயிலில், கார் தெருவில், பத்து மாதப் பிள்ளை என் இடுப்பில். கணவரின் சித்தப்பா மகன் முருகேசன் பைக்கில் பறந்துபோய்ச் சாவியை வாங்கி வந்தபோது ராகுகாலம் நட்டநடுவில் நின்றது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"என்னட்டி முழிக்க? பெட்டி நேத்தே போயிட்டு. நீ பெட்டிக்குப் பின்னால போற, அவ்வளவுதான்" என்றார் அத்தை.

நார்வே நாட்டில் பெர்கன் என்கிற துறைமுக நகரத்தில் கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என் கணவர் சங்கர். பிள்ளை கோமுவை அவர் கையில் கொடுத்து ஒரு மாதம் உடன் இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கறுப்பு எள், தர்ப்பை, ஒரு செம்புத் தட்டு, ஒரு தினசரி காலண்டர்.

போன ஆனி மாதம் என் மாமனார் இறந்தபோது சங்கர் நடுக்கடலில் ஒரு கப்பலில் இருந்தார். அவர் கரைக்கு வந்து ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகன் இருந்தும் கொள்ளி வைத்தது முருகேசன். இப்போது தலைத்திதி. சங்கருக்கு ஊர் வரும் அளவுக்கு விடுப்பு இல்லை. இந்த முறையும் முருகேசனே செய்துவிடட்டும் என்று உறவில் சிலர் சொன்னார்கள். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"மகன் உசிரோட இருக்கும்போது மத்தவன் கையால எள்ளு எதுக்கு?"

ஆனி மாதத் தேய்பிறை சப்தமி. காலண்டரைப் பார்த்து, கோயில் தெப்பத்தருகே தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயரிடமும் கேட்டு, வியாழக்கிழமை என்று முடிவானது. ஐயர் வீடியோவில் மந்திரம் சொல்ல, சங்கர் அங்கே செய்ய வேண்டும். எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நான். என் கவலையெல்லாம் அதில்தான். மருமகள் கையில் கொடுத்து அனுப்பிய முதல் திதி பிசகிப்போனால், அது எனக்குப் பிறகும் ஊரில் பேசப்படும்.

சனிக்கிழமை பெர்கனில் இறங்கினோம். மழை பெய்துகொண்டிருந்தது. சுங்க அலுவலர் தர்ப்பைக் கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடை பின்னவா என்று கேட்டார். இறந்துபோன என் மாமனாருக்கு என்றேன். உடனே அவர் குரலைத் தாழ்த்தி வருத்தம் தெரிவித்துவிட்டு, கட்டை இருந்த மாதிரியே மடித்து வைத்துக் கொடுத்தார். நம் ஊரில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தபோது யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. மாமா அங்கேயே முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

மரவீடுகள், அவற்றுக்கு மேலே மலை, மலைக்கு மேலே மேகம். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மேற்கே பார்த்தால் தெரிகிற மலையைக் கொண்டுவந்து கடலுக்குள் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. சங்கர் இருந்த குடியிருப்பில் சமையலறைச் சுவரில் முதல் வேலையாகக் காலண்டரை மாட்டினேன். இரவு பத்து மணிக்கும் வெளியே பட்டப்பகல். கோமு தூங்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, கருப்புப் போர்வையை அதன்மேல் தொங்கவிட்டு ஒரு வழியாக உறங்க வைத்தேன். விடிகாலை நாலு மணிக்கெல்லாம் சூரியன் எந்த இடுக்கில் நுழைந்தானோ, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மாலை ஐந்தரைப் படகில் ஒரு தீவுக்குப் போகலாம் என்றார் சங்கர். நான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகுகாலம். பிள்ளையை முதன்முதலாகத் தண்ணீரில் அழைத்துப் போகிறோம், ஆறு மணிக்கு மேல் போகலாமே என்றேன். அவர் மறுக்கவில்லை. அப்பா போனபோது தண்ணீரில் இருந்தவர், தண்ணீர் விஷயத்தில் என்னோடு வாதாடுவதில்லை.

நாங்கள் துறைக்குப் போனபோது தீவுப் படகு போய்விட்டிருந்தது. கிடைத்தது வேறொரு கிராமத்துக்குப் போகும் சின்னப் படகு. அங்கே ஒரு கடையில் அப்பம் மாதிரி கட்டம் கட்டமாகச் சுட்டு, அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக் கட்டியைச் சீவிப் போட்டுத் தந்தார்கள். பால்கோவாவை அடிப்பிடிக்க விட்டு உப்புப் போட்டால் அந்த ருசி வரும். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன், இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன். மற்றதெல்லாம் மீன். ஊர் முழுக்க மீன் வாசனையில் ஒரு சைவப் பிள்ளை எப்படி ஆறு வருடம் காலம் தள்ளினார் என்று கேட்டேன். மூக்குக்கு ஜாதி கிடையாது என்றார்.

கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் கோமுவோடு விளையாடிக்கொண்டே ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தோம் என்று கேட்டதாகச் சங்கர் மொழிபெயர்த்தார். நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தோம் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு சொன்ன பதில் இது: "மழை நின்றதும் புறப்படலாம் என்று இருந்திருந்தால் இந்த ஊரில் ஒருத்திக்கும் கல்யாணம் ஆகியிருக்காது."

திங்கட்கிழமை சங்கர் வேலைக்குப் போய்விட்டார். மேல் மாடியில் இருக்கும் பஷீரா ஒரு தட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். கடையநல்லூர்க்காரி. என் வயதுதான் இருக்கும். இங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கணவரும் அவளும் வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். சங்கரன்கோவில் என்றதும், "உங்க ஊர்ப் பூ மார்க்கெட்டுக்கு எங்க மாமா விடியக்காலம் வருவாங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் அறிமுகம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் தொண்டை வற்றப் பேசினோம்.

ஆறு மணி சுமாருக்கு அவள் கைபேசியில் பாங்கு ஒலித்தது. அஸர், தொழுதுட்டு வாரேன் என்று எழுந்தாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அஸர் என்பது பிற்பகல் தொழுகை. கடையநல்லூரில் பாங்கு கேட்கும்போது பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு எப்படி அஸர் என்று கேட்டேன்.

"பின்ன? ஊர் நேரத்துக்கா இங்கன தொழுவோம்? ஊர்ல இந்நேரம் எங்க உம்மா ராத்திரி இஷாவே தொழுது முடிச்சிருப்பா. இங்கன உள்ள சூரியனத்தான பாக்கணும்? சூரியன் அங்கன நிக்கி பாருங்க, இன்னும் எவ்வளவு பொழுது கெடக்கு."

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். ராகுகாலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் என்பதால் ஒரு பங்கு ஒன்றரை மணி. ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு எழுதிய வாய்பாட்டையே நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். இங்கேயோ பகல் பத்தொன்பது மணி நேரம். ஒரு பங்கு இரண்டே கால் மணிக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு, அது இங்கே இரவு ஒன்பதை ஒட்டித் தொடங்குகிறது. படகை விட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. அப்பம் தின்ற திருப்தியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தோமே, அந்த வழி முழுக்க ராகுகாலம்.

அது போகட்டும். ராகுகாலம் தவறினால் மனம் உறுத்தும், அவ்வளவுதான். திதி?

பஷீரா போனதும் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்கிற கணக்கு. அது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். அந்தக் கணத்தில் எந்த ஊரில் என்ன பொழுது என்பதுதான் வேறு. முன்னோருக்குச் செய்வது பிற்பகலில். அந்தப் பிற்பகலுக்கும் கணக்கு உண்டு, பகலை ஐந்தாகப் பிரித்தால் வரும் நாலாவது பங்கு. சப்தமி எந்த நாளின் பிற்பகலில் கூடுதலாக நிற்கிறதோ அந்த நாளில் திதி.

எங்கள் ஊரில் சப்தமி புதன்கிழமை பிற்பகல் முடியப்போகும் நேரத்தில் தொடங்கி, வியாழக்கிழமை மூன்று மணி வரை நிற்கிறது. ஆகவே வியாழன். சரிதான். ஆனால் பெர்கன் கடிகாரம் எங்கள் ஊருக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அப்படிப் பார்த்தால் இங்கே சப்தமி புதன் மதியமே வந்துவிடுகிறது, வியாழன் மதியத்துக்கு முன்பே போய்விடுகிறது. வியாழக்கிழமை இந்த ஊரின் பிற்பகலில் இருப்பது அஷ்டமி. பெர்கனில் மாமாவின் திதி புதன்கிழமை.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் புதன்தான் வந்தது. நாலாவது முறை போடும்போது, தப்பாக வரவேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் சங்கர் விடுப்பு வாங்கியிருந்தது வியாழக்கிழமைக்கு. ஒரு கப்பல் புதன்கிழமை கிளம்ப வேண்டியிருந்ததால் அன்று நான்கு மணி வரை அவர் பட்டறையில் இருந்தே ஆகவேண்டும்.

வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தார். எஞ்சின் வரைபடம் பார்க்கிற அதே முகம். கணக்கு சரி, அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதுவதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை முழுவதும் கேட்டார். பிறகு, நம் சங்கரன்கோவில் காலண்டரில் அச்சடித்துத் தொங்குவது பொய்யா என்று கேட்டார். பொய் இல்லை அத்தை, அது நம் ஊருக்குச் சரி என்றேன். ஒரு மனிதருக்கு இரண்டு நாள் திதியா, அவர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருவார் என்று கேட்டார். திதி ஒன்றுதான், பிற்பகல்தான் ரெண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"இங்கன ஐயர் வியாழக்கிழம மந்திரம் சொல்லும்போது அங்கன சப்தமி இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இருக்கு அத்தை. ஆனா இங்கன அப்போ காலம்பற. காலம்பற யாராவது திதி குடுப்பாங்களா?"

அத்தை "நீ படிச்சவ. என்னமோ பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் 'என்னமோ பண்ணுங்க' என்பது அனுமதி அல்ல.

கோமுவைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தேன். என் கணக்கு தப்பாக இருந்தால்? கணக்கு சரியாகவே இருந்து, சாஸ்திரத்தில் வேறு விதி இருந்தால்? ஒரே மகன் ஒருமுறை அப்பாவைத் தவறவிட்டாயிற்று. என்னால் இன்னொரு முறை தவறவிட்டால் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

ஐயரைக் கூப்பிட்டேன். சாமி, செய்கிறவர் எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊர்ச் சூரியனைப் பார்க்க வேண்டுமா, வீடு இருக்கிற ஊர்ச் சூரியனைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். சப்தமி இங்கே தொடங்கி முடியும் நேரங்களையும் சொன்னேன். பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. நான் சொன்ன நேரங்களை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"கர்த்தா நிக்கற ஊர்தாம்மா கணக்கு. அவர் வெளிதேசத்துல இருந்து பண்றார்னு தெரிஞ்சும் நான் நாள் பாக்கறச்சே இந்த ஊரையே பாத்துட்டேன். நீங்க சொல்றது சரி. புதன்தான்."

ஆனால் சங்கர் வேலை முடிந்து வரவே ஐந்து மணி ஆகிவிடுமே, சாமி, என்றேன். அந்த ஊர் அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். ஐயர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்படியென்றால் உங்கள் பிற்பகல் மூன்றரைக்குத்தான் ஆரம்பிக்கிறது, ஏழு மணி தாண்டியும் கிடக்கிறது, வேலை முடித்துக் குளித்து நிதானமாக உட்காரலாமே என்றார். எங்கள் ஊரில் நாலு மணிக்கு மேல் திதி என்று பேச்சே கிடையாது. பிள்ளையைத் தூங்கவிடாமல் அடித்த அந்தப் பாழும் வெளிச்சத்தை அன்றுதான் முதன்முதலாக மன்னித்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்களுக்கு அது பிற்பகல், ஐயருக்கு இரவு ஒன்பது மணி. அந்த நேரத்தில் தான் அங்கே உட்கார்ந்து சொல்வதற்கில்லை என்றார். புதன்கிழமை பகலிலேயே கைபேசியில் பேசிப் பதிந்து அனுப்புவதாகவும், இடைவெளி விட்டு விட்டுச் சொல்வதாகவும், அந்த இடைவெளியில் சங்கர் திருப்பிச் சொன்னால் போதும் என்றும் ஏற்பாடானது. சங்கல்பத்தில் ஊரைச் சொல்ல வேண்டுமே, அங்கே மலை உண்டா, கடல் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டார். மேற்கே என்றேன். அத்தையிடம் தானே சொல்வதாகச் சொன்னார். சொன்னாரா, அத்தை என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அன்று முழுக்க அத்தை கூப்பிடவில்லை.

மதியம் வாழைக்காய் வாங்க இலங்கைத் தமிழர் கடைக்குப் பஷீராவோடு கிளம்பினேன். பிள்ளை வண்டியைத் தூக்கி ஏற்றுகிற அவசரத்தில் சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. பேருந்து ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மலைக்கு மறுபுறம் எங்களைக் கொண்டுபோய் விட்டது. நீங்கள்தான் ஏறினீர்கள் என்று நினைத்தேன் என்றேன். நீங்க ஏறுனதப் பாத்து நான் ஏறினேன் என்றாள் அவள். திரும்பி வந்து வாழைக்காய், பச்சரிசி, உளுந்து, பாகற்காய், ஒரு வாழையிலை எல்லாம் வாங்கினோம். இங்கே ஒரு வாழையிலைக்குக் கொடுப்பதைக் கேட்டால் அத்தை தோப்பையே பெயர்த்து அனுப்பிவிடுவார்.

புதன்கிழமை. வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்தேன். வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய்ப் புளிக்குழம்பு, பாசிப்பருப்புப் பாயசம், வடை. வடை தட்டும்போது அடுப்புப் புகைக்கு ஒரு கருவி அலறத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், ஒரு துடைப்பத்தை எடுத்து அந்தக் கருவிக்கு விசிறிக்கொண்டு, மீதி வடை முடியும்வரை நின்றார்.

சங்கர் ஐந்து மணிக்கு வந்தார். குளித்து ஈர வேட்டியோடு தெற்கே பார்த்து உட்கார்ந்தார். கைபேசியைச் சுவரில் சாய்த்து அத்தையைக் கூப்பிட்டேன். எடுப்பாரா என்ற பயம். முதல் மணியிலேயே எடுத்தார். பக்கத்தில் முருகேசன். அத்தை எங்கள் சன்னலில் அடித்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் குழல் விளக்கு எரிந்தது.

இன்னொரு கைபேசியில் ஐயரின் குரலைப் போட்டேன். தெப்பக்கரையில் உட்கார்ந்து பதிந்திருக்கிறார் போல. மந்திரத்துக்கு நடுவே கோயில் மணி, ஸ்கூட்டர் ஹாரன், யாரோ ஒருவர் பூக்காரியிடம் பேரம் பேசும் சத்தம் எல்லாம் எங்கள் சமையலறைக்குள் வந்தன. ஊர் பெயர் வரும் இடத்தில் ஐயர் பெர்கன் என்று தடுமாறாமல் சொன்னார். பிறகு, "உங்க அப்பா பேரைச் சொல்லுங்கோ" என்று இடைவெளி விட்டார்.

சங்கர் சொல்லவில்லை. ஐயரின் குரல் அடுத்ததற்குப் போய்விட்டது. நான் குனிந்து நிறுத்தினேன். அவர் கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தன. தோள் மட்டும் அசைந்தது. கோமு தவழ்ந்து போய் அவர் முதுகைப் பிடித்து எழுந்து நின்றாள். கைபேசிக்குள்ளிருந்து முருகேசன்தான் பேசினான்.

"அண்ணே, அன்னைக்கு நான் உன் பேரச் சொல்லித்தான் வச்சேன். உனக்குப் பதிலாத்தான் நின்னேன். இப்போ நீயே நிக்க. சொல்லு."

பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்திலிருந்து மறுபடி போட்டேன். சங்கர் அப்பாவின் பெயரைச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்து செம்புத் தட்டில் விழுந்தன. தாத்தா பெயர், பூட்டன் பெயர். பால்கனியில் சோறு வைத்தோம். இங்கே காக்கைக்குத் தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு சாம்பல். ஒன்று வந்து எடுத்தது. அத்தைக்குக் காட்டினேன். குளிர் ஊராச்சே, சட்டை போட்டிருக்கும் என்றார் அத்தை. அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

எல்லாம் முடிந்தபோது ஆறேகால். வெளியே வெயில் உச்சியிலிருந்து சற்றே இறங்கினாற்போல் இருந்தது.

"முடிஞ்சிட்டும்மா" என்றார் சங்கர்.

அத்தை தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முருகேசன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, அடுக்களையில இருந்து அந்தச் சோத்த எடுத்துட்டு வா. காலம்பற இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. தல சுத்துது."